“ஆர் விட்ட பிழை?” என்று தொடங்கினால் என்ன நடக்கும்

கேள்வி சுருக்கமாக இதுதான். யாழ்ப்பாணத்தில் ஒருவர் சின்ன அச்சகம் நடத்துகிறார். வேலைக்கு ஐந்து பேர். பிழையொன்று வந்தால் அது ஆர் விட்டது என்று பிடிப்பதிலேயே அரைநாள் போய்விடுகிறது. பிடித்து ஏசினாலும் அடுத்த மாதம் அதே பிழை இன்னொருவர் கையால் வருகிறது. வீட்டிலும் இதே கதை. தாயாருக்குக் குளிசை தவறிப்போன விடயத்தில், கனடாவில் இருக்கும் தங்கைக்கும் இங்கே பார்த்துக்கொள்ளும் மனைவிக்கும் இரண்டு மாதமாகக் கதையில்லை. “பிழை சொல்லாமல் விட்டால் ஒருத்தருக்கும் பொறுப்பு வராது, சொன்னால் சண்டை. எதைத்தான் செய்யிறது?” என்று கேட்கிறார்.

பிழை சொல்லவே கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு ஒரு நேரம் உண்டு. முதல் மணித்தியாலம் அந்த நேரம் இல்லை. இதைப் பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை, வெறும் இலாப நட்டக் கணக்காகச் சொல்கிறேன். ஒரு பிழை எப்படி நடந்தது என்று அறிந்தவர் பெரும்பாலும் அதைச் செய்தவர் மட்டுமே. “ஆர் விட்டது?” என்று தொடங்கியவுடன் சாட்சியாக இருந்தவர் குற்றவாளியாகி விடுகிறார். அதற்குப் பிறகு அவர் சொல்வதெல்லாம் தன்னைக் காப்பாற்றும் பேச்சு. திருத்துவதற்கு வேண்டிய தகவல் அத்தோடு நின்றுவிடும்.

அச்சகத்திலிருந்தே ஓர் உதாரணம் எடுப்போம். 31ஆம் நாள் நினைவு மலர், நாங்கள் கல்வெட்டு என்று சொல்வது. 24 பக்கம், 300 பிரதி, நடுவில் பின் அடித்தது. ஞாயிறு அந்தியேட்டி. சனி பின்னேரம் கட்டைப் பிரித்துப் பார்த்தால் 5ஆம் பக்கத்தில் இரண்டாவது மருமகனின் பெயரைக் காணவில்லை. எங்கள் ஊரில் இது எழுத்துப்பிழை என்ற கணக்கில் வராது. பத்து வருடம் சொல்லிக்காட்டுவார்கள்.

முதலாளி கத்துகிறார்: “ஆர் இதை ரைப் பண்ணினது?” ரைப் செய்தவர், “எனக்குத் தந்ததைத்தான் அடிச்சனான்” என்கிறார். புறூஃப் பார்த்தவர், “நான் பார்க்கேக்க எல்லாம் சரியாத்தான் இருந்தது” என்கிறார். மெஷின்காரர், “எனக்கு வந்த பிளேட்டைத்தான் ஓட்டினனான்” என்கிறார். இந்த மூன்று பேச்சும் உண்மை என்பதுதான் விசேஷம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விடையே வந்துவிடும். ஆனால் மூன்றும் தற்காப்பாகச் சொல்லப்பட்டதால் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவரும் அவற்றைத் தகவலாக எடுக்கவில்லை.

இப்படியான இடத்தில் நேர வரிசையை எழுதிப்பார்த்தால் வழக்கமாக வெளிவருவது இதுதான். செவ்வாய் குடும்பத்தார் கையெழுத்தில் விபரம் கொடுத்தார்கள். வியாழன் பகல் புறூஃப் பார்த்துக் கையொப்பம் வைத்தார்கள். அதில் பெயர் இருந்தது. வியாழன் இரவு லண்டனில் இருக்கும் மகன், மருமக்கள் வரிசையை மாற்றச்சொல்லி முதலாளியின் வட்ஸ்அப்புக்கு இரண்டு செய்தியாக அனுப்பினார். முதலாவது செய்திதான் கடைக்குப் போனது. இரண்டாவது முதலாளியின் போனிலேயே கிடந்தது. ரைப் செய்தவர் பழைய பந்தியை அழித்துவிட்டு வந்ததைப் போட்டார். வட்ஸ்அப்பில் வருவது யுனிகோட், கடையில் ஓடுவது பாமினி என்ற பழைய எழுத்துரு; ஒன்றில் அடித்தது மற்றதில் அப்படியே வராது. மாற்றி எடுக்கும்போது ‘ஸ்ரீ’, ‘ஷ’, ‘ஹ’ எங்கே உடைந்தது என்று பார்ப்பதிலேயே அவரின் கண் நின்றது. பெயர்களை அவர் எண்ணவில்லை. கையொப்பம் வைத்த புறூஃப் ஏற்கெனவே இருந்ததால் இரண்டாவது புறூஃப் எடுக்கவில்லை. வெள்ளி காலை பிளேட், அதாவது அச்சுத்தகடு, போனது.

கவனியுங்கள், சங்கிலியில் முதலாளியும் ஒரு கண்ணி. “ஆர்?” என்று கேட்கிறவர் தன்னை எண்ணாமல்தான் கேட்பார். அதனால்தான் அரைநாள் தேடியும் அகப்படுவதில்லை.

சரி, சனி பின்னேரம் என்ன செய்வது? முதலில் சேதத்தை நிறுத்த வேண்டும், காரணம் பிறகு. கட்டை யாரும் எடுத்துக்கொண்டு போகாமல் நிறுத்துங்கள். எத்தனை பிரதியில் பிழை, எந்தத் தாள் என்று பாருங்கள். 24 பக்க மலரில் 5ஆம் பக்கம் இருக்கும் தாளில் 6, 19, 20ஆம் பக்கங்களும் இருக்கும். ஆகவே முழு மலரையும் அடிக்கத் தேவையில்லை. அந்த ஒரு தாளை 300 தரம், இரண்டு பக்கமும் அடித்து, பின் கழற்றி மாற்றிப் பின் அடிக்கலாம். பதற்றத்தில் 5ஆம் பக்கத்தை மட்டும் திருத்தி, மற்ற மூன்றையும் பழைய கோப்பிலிருந்து எடுத்து, புதுப்பிழை ஒன்றைச் சேர்த்துவிடுவதும் நடக்கும். நான்கு பக்கத்தையும் திரும்பப் பாருங்கள்.

அடுத்தது குடும்பத்தாருக்குப் போன். அவர்கள் கண்டுபிடித்து எடுப்பதற்கு முன் நீங்கள் எடுக்க வேண்டும். “அண்ணை, மலரில ஒரு பெயர் விடுபட்டுப் போச்சு, 5ஆம் பக்கம். அந்தத் தாளை மாத்தி அடிக்கிறம், இரவு 10 மணிக்குள்ள வீட்டுக்குக் கொண்டுவந்து தாறம். திருத்தின பக்கத்தைப் படமெடுத்து அனுப்புறன், நீங்கள் ஒராள் பார்த்துச் சரி எண்டு போடுங்கோ.” இவ்வளவுதான். “உங்கட தம்பி கடைசி நேரத்தில மாத்தினவர்” என்பது உண்மையாக இருந்தாலும் இந்த அழைப்பில் அதற்கு இடமில்லை. அது அவர்களிடம் கட்டணம் பற்றியோ அடுத்த ஓடர் பற்றியோ கதைக்கும்போது வரவேண்டிய பேச்சு.

காரணம் தேடுவதைத் திங்கட்கிழமைக்கு வையுங்கள். சூடு ஆறியிருக்கும், ஞாபகம் இன்னும் அழிந்திராது. முப்பது நிமிடம் போதும். முதல் பத்து நிமிடம் ஒருவரும் கதைக்கக்கூடாது. எல்லாரும், முதலாளி உட்பட, ஒரு தாளில் எழுத வேண்டும்: எத்தனை மணிக்கு என் கைக்கு என்ன வந்தது, நான் என்ன செய்தேன், எங்கே அனுப்பினேன், அந்த நேரம் எனக்கு என்ன தெரிந்திருந்தது. போனில் இருக்கும் நேரத்தைப் பார்த்து எழுதலாம். அபிப்பிராயம் எழுத வேண்டாம். பிறகு கடையில் ஆகப் புதிதாகச் சேர்ந்தவர் முதலில் வாசிக்க வேண்டும், முதலாளி கடைசியில். முதலாளி முதல் வாசித்தால் மற்றவர்கள் எழுதியதைக்கூட மாற்றித்தான் வாசிப்பார்கள்.

ஒரு சொல்லைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். இப்படியான விசாரணைக்கு உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கும் முறை “ஏன்” என்று ஐந்து தடவை கேட்பது. டொயோட்டா தொழிற்சாலையில் தைச்சி ஓனோ பரப்பியது. அவர் சொல்லும் உதாரணத்தில் இயந்திரம் ஒன்று நின்றுவிடுகிறது. ஏன்? சுமை கூடி பியூஸ் போய்விட்டது. ஏன்? பெயாரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய்ப் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்திருக்கிறது. ஏன்? வடிகட்டி இல்லை, இரும்புத் தூள் உள்ளே போயிருக்கிறது. முதல் விடையோடு நிற்கிறவர் பியூஸை மாற்றுவார். கடைசி வரை போகிறவர் வடிகட்டி பூட்டுவார். அந்த ஐந்து விடையிலும் ஓர் ஆளின் பெயர் இல்லை என்பதையும் பாருங்கள்.

ஆனால் எங்கள் வாயில் “ஏன்” என்பது கேள்வியே கிடையாது. “ஏன் இப்பிடிச் செய்தனீர்?” என்றால் பதில் எதிர்பார்ப்பதாக ஒருவரும் எடுக்கமாட்டார்கள், ஏச்சுத் தொடங்கிவிட்டது என்றுதான் எடுப்பார்கள். ஆகவே இயந்திரத்துக்கு “ஏன்” கேளுங்கள், மனிசருக்கு “எப்பிடி” கேளுங்கள். “அந்த நேரம் உமக்கு என்ன தெரிஞ்சிருந்தது?” “எதைப் பார்த்துச் சரி எண்டு நினைச்சனீர்?” இந்த இரண்டு கேள்விக்கும் வரும் விடையில்தான் வடிகட்டி இல்லாத இடம் அகப்படும். “கவனக்குறைவு” என்று விடை வந்தால் தேடல் பாதியில் நின்றுவிட்டது என்று பொருள். மூன்றாவது ஓடரோடு இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்திருக்கும் எவருக்கும் கவனம் குறையும். அந்த நேரத்தில் கவனத்தை நம்பி ஏன் வேலை ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தது என்பதே அடுத்த கேள்வி.

கேள்வி கேட்டவர் தன் வாயாலேயே ஒரு முக்கியமான விடயத்தைச் சொல்லியிருக்கிறார்: அதே பிழை இன்னொருவர் கையால் வருகிறது. விமானத்துறையிலும் மருத்துவத்திலும் பயன்படுத்தும் ஒரு சோதனை உண்டு. பிழை விட்டவரின் இடத்தில் அதே பயிற்சியும் அனுபவமும் உள்ள வேறொருவரை மனதில் வைத்துப்பாருங்கள். அவரும் அதையே செய்திருக்கக்கூடும் என்றால் கோளாறு ஆளில் இல்லை, வேலை அமைந்த விதத்தில் இருக்கிறது. உங்கள் கடையில் இதை மனதில் வைத்துப்பார்க்கவும் தேவைப்படவில்லை, நேரிலேயே நடந்துவிட்டது.

இதற்குப் பழைய உதாரணம் இரண்டாம் உலகப்போரில் இருக்கிறது. அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் நல்லபடி தரையிறங்கிய பிறகு, விமானி சிறகு மடிப்பை (ஃபிளாப்) உயர்த்துவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிவிட, விமானம் ஓடுபாதையில் வயிற்றில் விழும். “விமானி விட்ட பிழை” என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானியின் அறைக்குள் போய்ப் பார்த்தபோது இரண்டு ஆளிகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. சக்கரத்தின் கைப்பிடியில் சின்ன ரப்பர் சில்லு, மற்றதில் சிறகு வடிவத் துண்டு என்று வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் வித்தியாசம் தெரிந்தது. அந்தப் பிழை நின்றது. அதே விமானிகள்தான்.

அச்சகத்துக்கான “ரப்பர் சில்லு” என்ன? பலமான திருத்தத்திலிருந்து பலவீனமானதற்கு வருகிறேன். ஆகப் பலமானது பிழை நடக்கவே இடம் கொடாத ஏற்பாடு. உறவினர் பெயரை வசனமாக வாங்க வேண்டாம்; உறவுமுறை, முழுப்பெயர், இருக்கிறாரா அமரரா என்று மூன்று நிரலுள்ள படிவம் கொடுங்கள். அமரர் நிரல் மிக அவசியம். உயிரோடிருப்பவரின் பெயருக்கு முன் அந்தச் சொல் விழுந்தால் மன்னிப்புக் கேட்டு முடிகிற விடயம் இல்லை. ‘சிறீ’யா ‘ஸ்ரீ’யா, ‘ராசா’வா ‘ராஜா’வா என்பதும் அவர்கள் கையாலேயே எழுதி வரட்டும். ஒவ்வொரு உறவுமுறைக்கும் கீழே தொகை எழுதச்சொல்லுங்கள்: பிள்ளைகள் 5, மருமக்கள் 4. திருத்தம் எத்தனை வந்தாலும் கடைசியில் ரைப் செய்தவர் எண்ணிப்பார்க்க ஓர் இலக்கம் இருக்கும். மேலே சொன்ன பிழை இந்த எண்ணிக்கை ஒன்றாலேயே பிடிபட்டிருக்கும்.

அடுத்த பலம், நடந்தால் உடனே கண்ணில் படும் ஏற்பாடு. திருத்தம் குடும்பத்தில் ஒருவரிடமிருந்து, கடையின் ஒரே இலக்கத்துக்கு மட்டும் வரவேண்டும். முதலாளியின் சொந்தப் போனுக்கு வந்தால் “அந்த இலக்கத்துக்குப் போடுங்கோ” என்று திருப்பிவிட வேண்டும். ஒரு சொல் மாறினாலும் முழுப்பக்கத்துக்கும் புதுப் புறூஃப். திருத்தும்போதுதான் புதுப்பிழை பிறக்கிறது. புறூஃபை ரைப் செய்தவர் பார்க்கக்கூடாது. தான் அடிக்க நினைத்ததைத்தான் அவர் கண் வாசிக்கும். ஒருவர் மூலத்தை உரத்து வாசிக்க மற்றவர் புறூஃபைப் பார்க்க வேண்டும், பெயர்களைக் கீழிருந்து மேலாக. கோப்புகளுக்கு “பைனல்”, “பைனல் 2”, “உண்மையான பைனல்” என்று பெயர் வைப்பதை இன்றோடு விட்டுவிட்டு, திகதியும் நேரமும் வையுங்கள். பிளேட்டுக்குப் போகும் கோப்பு இருக்கும் இடத்தில் வேறொரு கோப்பும் இருக்கக்கூடாது.

ஆகப் பலவீனமானது “இனிமேல் கவனமா இருங்கோ” என்ற எச்சரிக்கையும் சுவரில் ஒட்டும் அறிவித்தலும். செலவில்லாததால் எல்லாரும் முதலில் இதைத்தான் செய்கிறார்கள். இரண்டு கிழமைக்கு வேலை செய்யும்.

சம்பளத்தில் வெட்டுவது பற்றியும் சொல்லியாக வேண்டும், எங்கள் பக்கத்துக் கடைகளில் அது சர்வசாதாரணம். 300 தாளின் காசைப் பொடியனின் சம்பளத்தில் வெட்டினால் அந்தக் காசு திரும்பி வரும். அடுத்தமுறை பின்னேரம் நான்கு மணிக்குத் தன் கண்ணில் பட்ட பிழையை அவன் சொல்லமாட்டான். யாரும் காணமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கட்டிவிடுவான். கடைக்குள் பிடிபடும் பிழைக்கு விலை கொஞ்சம் கடதாசி. அந்தியேட்டி வீட்டில் பிடிபடும் பிழைக்கு விலை அந்தக் குடும்பமும் அவர்களின் சொந்தக்காரர் அத்தனை பேரும்.

இதை விமானத்துறை முன்னமே விளங்கிக்கொண்டது. அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, விமானியோ கட்டுப்பாட்டாளரோ தான் தெரியாமல் விட்ட விதிமீறலைப் பத்து நாளுக்குள் தானாக அறிவித்தால் தண்டனையிலிருந்து பெரும்பாலும் தப்பலாம். விபத்தும் குற்றச்செயலும் அதில் சேராது. அறிக்கையை வாங்குவது தண்டிக்கும் நிறுவனம் இல்லை, நாசா. தண்டிக்கிறவரும் கேட்டறிகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பதால் அப்படி. மருத்துவமனைகளில் எமி எட்மன்ட்சன் 1990களில் செய்த ஆய்விலும் இதேதான் தெரிந்தது. நல்ல குழுக்களில் மருந்துப் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, அங்கேதான் பதிவான பிழை கூட என்று வந்தது. அவர்கள் கூடுதலாகப் பிழை விட்டதாக அவர் கருதவில்லை; ஒளிக்காமல் சொன்னார்கள். உங்கள் கடையில் மாதக்கணக்காக ஒரு பிழையும் காதுக்கு வரவில்லை என்றால் நான் சந்தோசப்படமாட்டேன்.

அப்படியென்றால் பொறுப்பு? அதை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். கை தவறுவது ஒன்று: எண்ண மறந்தது, பக்கம் மாறியது. இதற்கு ஏச்சு வீண், ஏற்பாட்டை மாற்றுங்கள். குறுக்குவழி இரண்டாவது: புறூஃப் எடுக்கவேண்டும் என்று தெரிந்தும் அவசரத்தில் விட்டது. அந்தக் குறுக்குவழியை எல்லாரும் எடுக்கிறார்களா, முதலாளியே “கெதியாய் முடியும்” என்று தள்ளினாரா என்று பாருங்கள். பிறகு அந்த ஆளோடு தனியாக, மற்றவர்கள் முன்னால் இல்லாமல், நேரடியாகக் கதையுங்கள். மூன்றாவது, தெரிந்தே செய்வதும் மறைப்பதும்: காசு எடுத்தது, குடித்துவிட்டு மெஷினில் நின்றது, பிழையைக் கண்டும் ஒளித்தது, பொய் சொல்லி இன்னொருவர் தலையில் கட்டியது. இங்கே தாராளமாகக் குற்றம் சாட்டலாம், நடவடிக்கையும் எடுக்கலாம். எடுக்காவிட்டால் நேர்மையாக நிற்கிற மற்ற நான்கு பேரும் உங்களை நம்பமாட்டார்கள். முதலாவதுக்கு மூன்றாவதின் தண்டனையைக் கொடுப்பதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிற அநியாயம். அது போதாதென்று மூன்றாவதைச் செய்தவர் கதைக்கத் தெரிந்தவராக இருந்தால் தப்பியும் விடுகிறார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

“நான் அப்பவே சொன்னனான்” என்பவரை என்ன செய்வது? எல்லாக் கடையிலும் ஒருவர் இருப்பார். பறூக் பிஷோவ் என்ற உளவியலாளர் 1975இல் செய்த பரிசோதனை ஒன்றில், பிரித்தானியருக்கும் கூர்க்காக்களுக்கும் 1814இல் நடந்த மோதலைப் பற்றி எல்லாருக்கும் ஒரே விபரத்தைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு முடிவைச் சொன்னார். எந்த முடிவு சொல்லப்பட்டதோ, அதுவே முதலிலிருந்து எதிர்பார்க்கக்கூடியதாக இருந்தது என்று அந்தந்தக் குழு நம்பியது. முடிவு தெரிந்தபின் வழி நேராகத் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே அப்படித்தான் ஞாபகம். “சொன்னதை எங்க எழுதினனீங்கள்?” என்று மட்டும் கேளுங்கள். அடுத்தமுறை உண்மையாகவே எழுதுவார், அது பிரயோசனப்படும்.

இனி வீடு. இங்கே கடையை விடக் கஷ்டம், ஏனென்றால் திங்கட்கிழமைக் கூட்டம் வைக்க முடியாது. வைத்தால் இன்னும் மோசம்.

தூரத்தில் இருக்கிறவரின் கண்ணுக்கு விளைவு மட்டும் தெரியும். தவறிய ஒரு குளிசை தெரியும். தவறாத மற்ற 29 நாள் தெரியாது. நாங்கள் பிந்தினால் அன்றைக்கு வீதியில் சனம். மற்றவர் பிந்தினால் அவருக்குப் பொறுப்பில்லை. 1977இல் லீ றொஸ் என்ற உளவியலாளர் இந்தச் சாய்வுக்குப் பெயரே வைத்தார். ஒரே வீட்டுக்குள்ளும் கணக்கு ஒத்துவராது. 1979இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கணவன் மனைவியைத் தனித்தனியே வைத்து, வீட்டுவேலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டுக் கூட்டியபோது நூறு வீதத்தைத் தாண்டியது. தான் செய்தது தனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். இருவருமே உண்மைதான் சொன்னார்கள், அச்சகத்தின் அந்த மூவரைப் போல.

குளிசை விடயத்தில் “மச்சாள் ஏன் குடுக்கேல்லை?” என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, குளிசை தவறக்கூடிய இடங்களை எண்ணுங்கள். கிளினிக் நாள் விடுமுறையில் விழுந்து தள்ளிப்போகும், கையிலிருப்பது அதற்கு முன் முடியும். ஒரு மருந்து ஆஸ்பத்திரியில் இல்லையென்று வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தருவார்கள், துண்டு கொப்பிக்குள்ளேயே கிடக்கும். வேறு கொம்பனியின் குளிசை வரும், நிறமும் வடிவமும் மாறும். “இது என்ர இல்லை” என்று அம்மா ஒதுக்குவார், அல்லது பழையதையும் புதியதையும் சேர்த்து இரண்டாக எடுப்பார். இரண்டாவது ஆபத்தானது. அம்மாவே “எடுத்திட்டன்” என்று சொல்லிவிட்டு மறந்திருப்பார்.

இதற்குச் செய்யக்கூடியது சின்னச் சின்ன வேலை. ஏழு நாளுக்கும் காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த குளிசைப்பெட்டி பாமசியில் வாங்கலாம். ஞாயிறு பின்னேரம் ஒருவர் நிரப்ப வேண்டும். “ஆராவது” என்று விடக்கூடாது, பெயர் சொல்லி ஒருவர். நிரப்பும்போது எண்ணி, எந்தக் குளிசையாவது பத்து நாளுக்குக் குறைவாக இருந்தால் அன்றைக்கே வாங்க ஏற்பாடு. கிளினிக் கொப்பியின் புதுப்பக்கத்தைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட வேண்டும். நிறம் மாறினால் பழைய மட்டையையும் புதிய மட்டையையும் பாமசிக்காரரிடம் காட்டிப் பழையதை வீட்டிலிருந்து அகற்ற வேண்டும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரண்டாகக் கொடுக்காமல் வைத்தியரையோ பாமசிக்காரரையோ கேட்க வேண்டும்.

தங்கைக்கும் ஒரு வேலை கொடுங்கள். தூரத்திலிருந்து குறை சொல்வதில் பெரும்பகுதி, பயத்தோடு கையைக் கட்டிக்கொண்டு இருப்பதால் வருவது. இங்கே இரவு 7 மணி என்றால் ரொறன்ரோவில் கோடையில் காலை 9:30, குளிர்காலத்தில் 8:30. அந்த நேரம் அவர் வீடியோவில் எடுத்து, அம்மா இரவுக் குளிசை எடுக்கும்வரை கதைத்துக்கொண்டிருக்கலாம். மேற்பார்வை என்று உங்கள் மனைவிக்குப் படாமல் இருக்க, அந்த வேளை முழுக்கத் தங்கையின் பொறுப்பு என்று விட்டுவிட வேண்டும். அன்றைக்குத் தவறினால் அது அவரின் கணக்கு.

இருவரையும் திரும்பக் கதைக்க வைப்பதற்குப் பழைய கதையைத் தீர்த்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்று நினைக்காதீர்கள், தீராது. தம்பதிகளைப் பல வருடம் ஆராய்ந்த ஜோன் கொட்மன், அவர்களுக்குள் வரும் பிணக்குகளில் 69 வீதம் முற்றாகத் தீராதவை என்று கணித்தார். நன்றாக வாழ்கிறவர்களும் அவற்றோடு வாழப் பழகியவர்கள்தான். முதல் மூன்று நிமிடம் எப்படித் தொடங்குகிறதோ அப்படியே பேச்சு முடியும் என்பதும் அவர் ஆய்வில் வந்ததே. “நீங்கள் எப்பவும் இப்பிடித்தான்” என்று தொடங்கினால் முடிவு தெரிந்தது. “அம்மான்ர பிரஷர் கூடினதெண்டு கேட்டதும் பயந்து போனன். இனி குளிசை முடிய முதல் எனக்கும் ஒரு மெசேஜ் போடுவீங்களே?” என்பதில் நடந்தது ஒன்று, மனதில் பட்டது ஒன்று, கேட்பது ஒன்று, மூன்றும் உண்டு. ஏளனம் மட்டும் கலக்கக்கூடாது. உறவை முறிப்பதில் அதற்கு நிகராக வேறொன்றையும் கொட்மன் காணவில்லை. குரல் உயர்ந்து நெஞ்சு படபடத்தால் குறைந்தது இருபது நிமிடம் விட்டுவிட்டு வாருங்கள், ஆனால் எப்போது திரும்பக் கதைப்பது என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் அதுதான் எங்கள் ஊரின் “கதைக்காமல் விடுறது”. ஏச்சை விட அது நீளமாக அறுக்கும். அம்மாவைத் தூது விடவும் வேண்டாம்.

மன்னிப்புக் கேட்பதில் ஒரு நுணுக்கம்: “ஆனால்” என்ற சொல் வந்தவுடன் முன்னால் சொன்னது அழிந்துவிடும். “மனம் நொந்திருந்தால் மன்னியுங்கோ” என்பதும் மன்னிப்பில் சேராது. நொந்ததே சந்தேகம் என்று அதற்குப் பொருள்.

இவ்வளவும் இரண்டு பக்கமும் நல்லெண்ணம் உள்ள வீட்டுக்கு. அடி, மிரட்டல், காசைப் பறித்து வைத்தல், வெளியில் போகவிடாமல் தடுத்தல் நடக்கிற வீட்டில் “இரண்டு பேரும் சேர்ந்து பிரச்சினையைப் பாருங்கோ” என்று சொல்வது அடிபடுகிறவரையும் குற்றத்தில் பங்காளியாக்கும். அங்கே “ஆர்?” என்பதுதான் சரியான கேள்வி. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

கேட்டவரின் விடயத்துக்கே திரும்பி வந்தால், கடையிலும் வீட்டிலும் செய்தி கைமாறும் இடத்தில் நிற்பவர் நீங்கள்தான். ஆகவே இரண்டு இடத்திலும் முதல் வசனம் உங்களுடையது. கடையில் முதல் கூட்டத்தில் உங்கள் தாளில் உள்ளதை ஒளிக்காமல் வாசியுங்கள், “இரண்டாவது மெசேஜ் என்ர போனில நிண்டிட்டுது” என்று. மேலே சொன்னபடி வாசிக்கும் முறை கடைசியில்தான் வரும், அதனால் பரவாயில்லை. அடுத்த கூட்டத்தில் மற்றவர்கள் எழுதுவதில் வித்தியாசத்தைப் பார்ப்பீர்கள். தங்கைக்கு இன்றைக்கே இப்படி ஒரு செய்தி போடலாம், மனைவிக்கு முதலில் வாசித்துக் காட்டிவிட்டு: “தங்கச்சி, அம்மான்ர குளிசை முடிஞ்சதை நானும் பார்த்திருக்க வேணும், பார்க்கேல்லை. இப்ப எல்லாம் 24 நாளுக்கு இருக்கு, பெட்டி வாங்கி நிரப்பியாச்சு. கிளினிக் கொப்பிப் படம் கீழ போட்டிருக்கிறன். இரவுக் குளிசை நேரம் 7 மணி. நாளையில இருந்து அந்த நேரம் நீ எடுக்கிறியோ?”